டிரைசூட் கழுத்து சீல் கழுத்தை நெரிக்குது: இழுத்து விடுறதா, வெட்டுறதா?

திருநகர்_துடுப்பு:

கயாக் (ஒல்லியான துடுப்புப் படகு) ஓட்டுறதுக்கான டிரைசூட், அதாவது உள்ள தண்ணி புகாத முழு உடுப்பு, ஒன்னு கைக்கு வந்திருக்கு. சூட் பழசு, கழுத்து வழியா தண்ணி வராம இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் காலர், கழுத்து சீல்னு சொல்றது, அது மட்டும் புதுசா மாத்தி ஒட்டினது, இன்னும் கத்தரி படல. கறுப்பு லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்), கூம்பு வடிவம், மேலிருந்து கீழ வரைக்கும் மேடு மேடா வளையக் கோடு இருக்கு. ஏப்ரல்ல வேலைக்கு நார்வே போறேன். அங்க ஃபியோர்டுல (மலைகளுக்கு நடுவுல புகுந்த கடல்) தண்ணி அப்ப ஒற்றை இலக்க டிகிரிலதான் கிடக்கும், அதனால சீல் ஒழுகவும் கூடாது.

அளவு சொல்லிடறேன். குரல்வளைக்குக் கீழ கழுத்துச் சுற்றளவு 39 செ.மீ. சீலை மேசைமேல தட்டையா வச்சா வாய் அகலம் 15.5 செ.மீ., சுற்றளவா பார்த்தா 31.

மாட்டி அஞ்சு நிமிஷத்துல முகம் சிவந்து, நெற்றிப்பொட்டுல துடிக்க ஆரம்பிச்சுருது. சட்டுனு எந்திரிச்சா லேசா கிறுகிறுப்பு. போட்டுப் பார்த்தது மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற ரூம்ல, ஃபேன் மட்டும்தான், உள்ள ஃப்ளீஸும் (குளிருக்கான மெத்து மெத்துன்னு இருக்கிற உடுப்பு) போட்டிருந்தேன்.

வீட்டுல இருக்கிற பித்தளைக் குடத்துல மாட்டி ரெண்டு நாள் விட்டா தளருமா? இல்ல நேரா வெட்டிடலாமா, எத்தனை வளையம்? போடும்போது தேங்காய் எண்ணெய் தடவினா வழுக்கிக்கிட்டு இறங்குமேன்னு ஒரு யோசனையும் இருக்கு. சொல்லுங்க.


சம்படம்:

முதல்ல அந்தக் குடத்தை இறக்கி வைங்க தம்பி. பித்தளையில பாதிக்கு மேல செம்பு. செம்பு இயற்கை ரப்பருக்கு ஆகவே ஆகாது. காத்துல இருக்கிற ஆக்சிஜன் ரப்பரை அரிக்கிறதை அது பல மடங்கு வேகப்படுத்தும். பட்ட இடம் பழுப்பா கறை ஏறும், அப்புறம் பிசுபிசுக்கும், அப்புறம் விரல் பட்டாலே கிழியும். வியர்வை ஈரம் சேர்ந்தா இன்னும் சீக்கிரம். கையில செப்புக் காப்பு போட்டிருந்தா சீலைத் தொடுறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. உங்க சூட்டுல பித்தளை ஜிப் இருந்தா, மடிச்சு வைக்கும்போது ஜிப்பும் சீலும் ஒன்னோட ஒன்னு படாம நடுவுல ஒரு பருத்தித் துணி வைங்க.

அளவும் ஒத்து வராது. இடுப்புல வைக்கிற குடத்தோட வயிறு உங்க சீலைப் பிச்சுரும். உங்களுக்குத் தேவை கழுத்தைவிட ஒரு சுத்து பெருசு, அதாவது 40, 41 செ.மீ. சுற்றளவு, 13 செ.மீ. விட்டம். அதுக்கு நல்லது நேரான பக்கம் உள்ள எவர்சில்வர் சம்படம். வெண்கலக்கடைத் தெருவுல இஞ்சு டேப்போட போய் சுத்தி அளந்து வாங்குங்க. தூக்குவாளி வேண்டாம், காது வச்ச ரிவிட் சீலைக் கீறும். சம்படத்தோட வாய் விளிம்பு உருட்டி மடிச்சதா இருக்கணும். விரலை ஓட்டிப் பாருங்க, பிசிறு தட்டினா வேற எடுங்க.

எண்ணெய் கிட்டவே வரக்கூடாது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலின், சன்ஸ்க்ரீன் எதுவா இருந்தாலும் லேடெக்ஸ் அதைக் குடிச்சு ஊதி, வலு இழந்துரும். தலையில தேய்ச்ச எண்ணெய் பிடரிக்கு இறங்கினாலும் அதே கதைதான். போடுறதுக்குப் பவுடர் போதும்: பஞ்சர் கடையில டயருக்குள்ள டியூப் வைக்கும்போது தூவுற பிரெஞ்சு சாக்குங்கிறது வாசனை இல்லாத டால்க்தான். அதுல ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கங்க. வாசனைப் பவுடர்ல சேர்க்கிற நறுமண எண்ணெய் ரப்பருக்கு நல்லதில்ல. சோள மாவு போட்டா நம்ம ஊரு ஈரத்துக்குப் பூசணம் பிடிக்கும்.


நைட்_டூட்டி:

வெட்டுறதா இழுக்கறதான்னு பேசுறதுக்கு முன்னாடி அந்தக் கிறுகிறுப்பைப் பார்ப்போம். மூணு காரணம் இருக்கலாம், மூணும் வேற வேற.

முகம் சிவக்கிறது, நெற்றிப்பொட்டு துடிக்கிறது, தலை கனக்கிறது: இது தலையிலிருந்து ரத்தம் இறங்குற சிரை நசுங்குறதால. கண்ணு இருட்டுறது, கிறுகிறுப்பு, நாடி மெதுவாகிறது: இது கரோட்டிட் தமனி ரெண்டா பிரியற இடத்துல இருக்கிற அழுத்த உணரி. குரல்வளைக் குருத்தெலும்போட மேல் விளிம்பு மட்டத்துல, ரெண்டு பக்கமும் இருக்கு. அதை வெளியிலிருந்து அழுத்தினா, ரத்த அழுத்தம் ஏறிடுச்சுன்னு உடம்பு தப்பா நெனச்சு இதயத் துடிப்பைக் குறைக்கும், அழுத்தத்தையும் இறக்கும். மயங்கி விழுறதுக்கு இது போதும். அதனால சீல் குரல்வளைக்குக் கீழதான் உட்காரணும், தாடைக்கு அடியில ஏறிப் போகக் கூடாது.

மூணாவது புழுக்கம். மதுரை வெயிலுக்கு மாடி ரூம்ல ஃப்ளீஸ் போட்டு, காத்துப் புகாத சூட்டுக்குள்ள உட்கார்ந்தா சீல் இல்லாமலே தலை சுத்தும். பிரிச்சுப் பார்க்க வழி இருக்கு. ஏசி ரூம்ல, பனியனோட, சூட்டுக்குள்ள உடம்பை விடாம சீலை மட்டும் தலைவழியா மாட்டி, மீதி சூட்டைத் தோள்ல தொங்க விட்டுக்கங்க. பத்து நிமிஷம் உட்கார்ந்து, எந்திரிச்சு, தலையை ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க. அப்பவும் வந்தா குற்றவாளி சீல்தான்.

ஒன்னு கண்டிப்பு: தனியா போட்டுப் பார்க்காதீங்க. பக்கத்துல ஒரு ஆள், கையெட்டுற தூரத்துல மழுங்கின முனைக் கத்தரி. லேசா கிறுகிறுத்தாலே ரெண்டு கை விரலையும் உள்ள விட்டு விரிச்சுருங்க. பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க, இதயத் துடிப்புல கோளாறு இருக்கிறவங்க, முன்னாடி காரணம் தெரியாம மயங்கினவங்க டாக்டரைக் கேட்காம இறுக்கமான சீலைப் போட வேண்டாம். கழுத்து அரிச்சு, தடிப்புத் தடிப்பா வீங்கினா அது உரசல் இல்ல, லேடெக்ஸ் ஒவ்வாமை. அவங்களுக்கு சிலிக்கோன்தான் வழி.


கத்தரிப்பு:

அளவைக் கொடுத்ததுக்கு நன்றி, பாதிப் பேர் “டைட்டா இருக்கு”ன்னு மட்டும் எழுதிட்டுப் போயிடறாங்க.

கணக்கு இது. லேடெக்ஸ் கழுத்து சீலோட வாய், கழுத்தைவிட ஏறத்தாழ பத்துல ஒரு பங்கு சின்னதா இருந்தா தொடக்கத்துக்குச் சரி. உங்க 39க்கு 35, தட்டையா 17.5. இப்ப இருக்கிறது 31, அஞ்சுல ஒரு பங்கு சின்னது. நெரிக்காம என்ன செய்யும்? புது சீலை எல்லாக் கழுத்துக்கும் ஆகணும்னு சின்ன வாயோடதான் வார்க்கிறாங்க, வாங்குறவங்க வெட்டிக்கணும்கிறதுக்குத்தான் அந்த வளையக் கோடு. ஆனா இழுவையை முதல்ல முடிச்சுட்டு, மிச்சத்துக்குத்தான் கத்தரி. வெட்டினதை ஒட்ட முடியாது.

அதுக்கும் முன்னாடி கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு விஷயம் பாருங்க. ஒன்னு, சீலோட மேல் விளிம்பு உள்பக்கமா சுருண்டிருக்கான்னு. சுருண்டா அந்த இடத்துல ரப்பர் ரெண்டு மூணு அடுக்காகி, கயிறு கட்டின மாதிரி இறுக்கும். விரலை உள்ள விட்டு ஒரு சுத்து சுத்தி விளிம்பை நீவி விட்டாலே பாதி இறுக்கம் போயிரும். கயாக் சூட்டுல லேடெக்ஸ் தோல்மேல தட்டையா படிஞ்சு மேல் நோக்கி நிக்கணும். ரெண்டாவது, உட்கார்ந்து கையைத் தலைக்கு மேல தூக்குங்க. அப்ப சீல் கீழ இழுபட்டுத் தொண்டையை அழுத்தினா சூட்டோட உடல் நீளம் உங்களுக்குப் பத்தல. எத்தனை வளையம் வெட்டினாலும் அது தீராது.

இழுவைக்கு வருவோம். சீலை வெறும் தண்ணியில கழுவி, நிழல்ல காயவிட்டு, உள்ளயும் வெளியயும் பவுடர் தூவுங்க. சம்படத்தை சூட்டுக்குள்ள இருந்து மேல் நோக்கித் தள்ளுங்க. மேலிருந்து திணிச்சா விளிம்பு மடங்கும். சூட்டோட எடை சீல்ல தொங்கக் கூடாது, மேசைமேல பரப்பி வைங்க. 24 மணி நேரம் வச்சு எடுத்துட்டு, உடனே அளக்காதீங்க. ரப்பர் விட்டதுல கொஞ்சத்தைத் திரும்பப் பிடிச்சுக்கும். இன்னொரு நாள் சும்மா விட்டு அளந்தாத்தான் நிஜக் கணக்கு. தேவைன்னா மறுபடி ஒரு சுற்று. சுற்றளவுல ஒரு செ.மீ. கிடைச்சா நல்ல பலன்னு எடுத்துக்கங்க. நாலு செ.மீ.யை இழுத்தே எடுக்கிறேன்னு பெரிய பாத்திரத்துக்குத் தாவாதீங்க.

எங்க வைக்கிறோம்கிறது முக்கியம். வெயில் படுற மாடியில வச்சா சீக்கிரம் தளரும், சீக்கிரம் கெடவும் செய்யும். அதைவிட ஆளுங்க கவனிக்காதது ஓசோன். சும்மா கிடக்கிற ரப்பரை அது அவ்வளவா தொடாது; இழுத்து வச்ச ரப்பர்லதான் இழுவைக்குக் குறுக்கே பொடிப் பொடியா வெடிப்பு விடும். கார்பன் பிரஷ்ல தீப்பொறி பறந்து ஓசோனைக் கிளப்புற மோட்டார், அதாவது மிக்ஸி, டிரில் மெஷின், அதுங்க பக்கத்துல வேண்டாம். பீரோவோட கீழ் தட்டு நல்ல இடம். அந்துருண்டையை மட்டும் எடுத்துடுங்க.

இப்ப வெட்டு. இதுல அவசரப்பட்டா சீல் போச்சு. வெட்டுறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு வளையக் கோட்டுலயும் ஸ்கேலைக் குறுக்கே வச்சுத் தட்டை அகலத்தை எழுதிக்கலாம். அந்த வளையம் வரைக்கும் வெட்டினா வாய் எவ்வளவு ஆகும்னு காகிதத்துலயே தெரிஞ்சுரும், யூகமே வேண்டாம்.

தையல்காரங்க வச்சிருக்கிற நீளமான கத்தரி வேணும், புதுசா சாணை பிடிச்சது. பிளேடு வேண்டாம். வழுக்கினா எங்க போய் நிக்கும்னு தெரியாது. ஒருத்தர் ரெண்டு கையையும் சீலுக்குள்ள விட்டு, சுருக்கம் போற அளவுக்கு லேசா விரிச்சுப் பிடிக்கணும். ரொம்ப விரிச்சுப் பிடிச்சு வெட்டினா, விட்டதும் விளிம்பு அலை அலையா நிக்கும். வெட்டுறவர் மேட்டை ஒட்டி அதுக்கு மேல்பக்கமா வெட்டி, மேடு சீலோடயே தங்குற மாதிரி விடணும். கத்தரியை முழுசா மூடாதீங்க. முக்கால் பாகம் மூடினதும் முன்னாடி தள்ளி, அடுத்த கடி. முனை வரைக்கும் மூடினா ஒவ்வொரு கடிக்கும் ஒரு படி விழும். அந்தப் படிதான் நாளைக்குக் கிழிசல்: மிக்சர் பாக்கெட்டுல பல்லு பட்ட இடம் மாதிரி, இழுத்ததும் அங்கிருந்து சர்ருனு ஓடிரும். தொடங்கின இடமும் முடியிற இடமும் ஒரே கோட்டுல சேரணும். சேரலன்னா அந்த இடத்தை மட்டும் நீளமான வளைவா சீவி விடுங்க, குத்தி எடுக்காதீங்க.

ஒரு தடவைக்கு ஒரு வளையம். வெட்டி, மாட்டி, கால் மணி நேரம் இருந்து, அப்புறம்தான் அடுத்தது.

போடுற முறையும் சொல்லிடறேன், பல சீல் கிழியறது அங்கதான். மோதிரம், வாட்ச், சங்கிலி கழட்டுங்க. தாலிக்கொடி போட்டிருக்கவங்க சீல் விளிம்புல அது மாட்டாத மாதிரி உள்ள தள்ளிக்கணும், ஆனா சீலுக்கு அடியில கொடி ஓடினா அந்த வழியாவே தண்ணி வரும். நீள முடி இருந்தா கொண்டையா போட்டு மெல்லிசு பிளாஸ்டிக் பை கவுத்துக்கங்க. நாலு நாலு விரலா ரெண்டு கையையும் உள்ள விட்டு, உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்க விரிச்சு, தாடையை நெஞ்சோட ஒட்டி, தலையாலேயே முட்டிக்கிட்டு மேல வாங்க. விளிம்பை நகத்தால கிள்ளி இழுக்கக் கூடாது. கழட்டும்போதும் இதே மாதிரி விரலை விட்டு விரிச்சுத்தான்.


திருநகர்_துடுப்பு:

எல்லாருக்கும் நன்றி. நைட்_டூட்டி அக்கா சொன்ன மாதிரி ஏசி ரூம்ல சீலை மட்டும் மாட்டிப் பார்த்தாச்சு. கிறுகிறுப்பு வரல, ஆனா முகம் சிவக்கிறது, துடிப்பு ரெண்டும் அப்படியே. கையைத் தூக்கினா சீல் நகரல, சூட் நீளம் சரி.

சம்படத்துல வச்சு எடுத்து ஓய்வு விட்டபிறகு அளவு: வாய் 15.9. முதல் வளையம் 16.3, ரெண்டாவது 16.7, மூணாவது 17.1, நாலாவது 17.5. நாலு வரைக்கும் ஒரேயடியா போயிடவா? இன்னொன்னு, இங்க எங்க இறங்கிச் சோதிக்கிறது? வைகையில தண்ணி வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது.


கத்தரிப்பு:

நாலு வேண்டாம். ஒன்னொன்னா, இடையில போட்டுப் பார்த்து, ரெண்டாவது வரைக்கும் வெட்டுங்க, சுற்றளவு 33.4 வரும். துடிப்பு மிச்சம் இருந்தா மூணாவது, 34.2. அதோட நிறுத்துங்க. போடப் போட லேடெக்ஸ் இன்னும் கொஞ்சம் விடும். இங்க வியர்வையோட இருக்கிற கழுத்துக்கு இறுக்கமா தெரியறது அங்க குளிர்ல சரியா இருக்கலாம். நாலாவதை நார்வேயில, குளிச்சு முடிச்சு நிதானமா போட்டுப் பார்த்து முடிவு பண்ணுங்க. கத்தரியை பெட்டியில போட்டுக்கங்க, கைப்பையில வேண்டாம்.

ஒரு விரல் கஷ்டமில்லாம நுழையணும், எச்சில் முழுங்கினா சீல் தெரியணும் ஆனா தடுக்கக் கூடாது, வாயால பேசுறப்ப குரல் மாறக் கூடாது. இதுதான் பதம்.


சோழவந்தான்_பம்புசெட்:

சோதனைக்குக் கம்மாயும் வேண்டாம், கிணறும் வேண்டாம். படி உள்ள பம்புசெட் தொட்டி, நெஞ்சளவு தண்ணி, அது போதும். காலையில ஏழு மணிக்கு முன்னாடி போயிருங்க, உள்ள வெளிர் நிறப் பருத்தி டி-ஷர்ட் மட்டும், ஃப்ளீஸ் வேண்டாம். வெளிர் நிறம் எதுக்குன்னா ஈரம் பட்ட இடம் கண்ணுக்குத் தெரியும்.

ஜிப்பைப் பூட்டினதும் முதல் வேலை காத்தை வெளியேத்துறது. தரையில குந்தி, முழங்காலைக் கட்டிக்கிட்டு, ஒரு விரலால சீலை லேசா விலக்குங்க, புஸ்ஸுனு போகும். இதைச் செய்யாம தண்ணியில இறங்கினா காலுல இருந்த காத்து எல்லாம் மேல ஏறி சீலைத் தாடைக்கு அடியில தள்ளும். நல்லா இருந்த சீலும் நெரிக்கும். “தரையில சரியா இருந்துச்சு, தண்ணியில இறுக்குது”ன்னு சொல்றவங்களுக்கு முக்கால்வாசி இதுதான்.

அப்புறம் கழுத்து வரைக்கும் மூழ்கி அஞ்சு நிமிஷம். தலையை முழுசா இடது, வலது திருப்பணும், ஏன்னா திருப்பும்போதுதான் கழுத்துத் தசைக்குப் பக்கத்துல பள்ளம் விழுந்து சீல் தூக்கிக்கும். மல்லாக்க மிதந்து பிடரியையும் நனைங்க. வெளிய வந்து டி-ஷர்ட்டைப் பாருங்க. காலர் ஓரமா சொட்டுச் சொட்டா ஈரம்னா பரவாயில்ல. நெஞ்சுல கோடா இறங்கியிருந்தா அது ஒழுகல். மொத்தமா சொதசொதன்னு இருந்தா அது பெரும்பாலும் உங்க வியர்வைதான், சீலைக் குத்தம் சொல்லாதீங்க. ரெண்டு நாள் தாடி இருந்தாலும் ஒழுகும், முந்தின நாளே வழிச்சுருங்க. அன்னிக்கே வழிச்சா எரியும்.


மாட்டுத்தாவணி_மஞ்சப்பை:

இடையில ஒரு கேள்வி. என் சூட்டுல இருக்கிறது சிலிக்கோன் சீல், வளையத்துல சொருகிற மாதிரி. இதே சம்பட வைத்தியம் ஆகுமா?


கத்தரிப்பு:

ஆகாது. சிலிக்கோன் எவ்வளவு நேரம் இழுத்து வச்சாலும் பழைய அளவுக்கே திரும்பிரும், வெட்டுறது மட்டும்தான் வழி. வெட்டுல பிசிறு விழுந்தா லேடெக்ஸைவிட வேகமா கிழியும், அதனால கத்தரி விஷயத்துல ரெண்டு மடங்கு கவனம். வெயிலும் ஓசோனும் அதை அவ்வளவா தொடாது, அந்த மட்டும் லாபம். லேடெக்ஸுக்கு ஒட்டுற பசை எதுவும் அதுல பிடிக்காது, அதுக்குத்தான் அந்த வளையம். நியோபிரீன் (நுரை மாதிரியான செயற்கை ரப்பர்) சீல் வச்சிருக்கவங்களுக்கும் சேர்த்துச் சொல்லிடறேன்: அது இழுவைக்கு நல்லாவே விட்டுக்கொடுக்கும், அதனால அதை லேடெக்ஸ் மாதிரி தாராளமா வெட்டிராதீங்க, பின்னாடி தொளதொளக்கும்.


சம்படம்:

பராமரிப்புக்கு ரெண்டு வரி. தொட்டித் தண்ணியில பாசி, யூரியா எல்லாம் இருக்கலாம், வந்ததும் நல்ல தண்ணியில கழுவி நிழல்ல காயப்போடுங்க. 303 ஏரோஸ்பேஸ் ப்ரொடெக்டன்ட்னு ஒன்னு கிடைக்கும், வெயிலோட புற ஊதாக் கதிர்லேருந்து ரப்பரைக் காக்கிறது. துணியில நனைச்சு மாசத்துக்கு ஒரு தடவை துடைச்சா போதும். சிலிக்கோன் ஸ்ப்ரே அடிக்காதீங்க. அது படிஞ்ச துணியில நாளைக்கு வேற சீல் ஒட்ட நெனச்சா பசை பிடிக்காது. ஜிப்புக்குத் தேய்க்கிற மெழுகும் சீல்ல படக் கூடாது.

பெட்டியில வைக்கும்போது சீலை மடிக்காம, உள்ள பழைய பருத்தி பனியனைத் தளர்வா உருட்டி வைங்க. இழுபடக் கூடாது, மடிப்பும் விழக் கூடாது, அவ்வளவுதான். ஏர்போர்ட் போற வழியில பெட்டியை வெயில்ல நிக்கிற கார் டிக்கியில விட்டுட்டு யாரும் டீ குடிக்கப் போக வேண்டாம்.


திருநகர்_துடுப்பு:

மூணாவது வளையத்துல நிறுத்தியாச்சு. துடிப்பு இல்ல, அரை மணி நேரம் உட்கார முடியுது. தொட்டியில டி-ஷர்ட் காலர் மட்டும் லேசா ஈரம். இடது பக்கம் திருப்பும்போது மட்டும் ஒரு சொட்டு உள்ள வர்ற மாதிரி இருக்கு.


சோழவந்தான்_பம்புசெட்:

இடது பக்கம் மட்டும்னா சீல் நடு மாறி உட்கார்ந்திருக்கும். மாட்டின பிறகு மேட்டுக் கோடு முன்னாடியும் பின்னாடியும் ஒரே மட்டத்துல இருக்கான்னு கண்ணாடியில பார்த்து, அரை விரல் கடை வலதுக்குத் திருப்பி விட்டு மறுபடி முங்கிப் பாருங்க. அந்த இடத்துல ஒரு முடி மாட்டியிருந்தாலும் இதேதான்.